கூட வந்தவரின் கோடு

பக்கவாதம் வந்து நாக்கு தடித்த நாளிலிருந்து மாமனார் தன் மாப்பிள்ளையை 'வாங்க, போங்க' என்று அழைப்பதை விட்டுவிட்டார். கடைசியில் வரும் அந்த 'ங்க'வுக்கு நாக்கு புரளவில்லையாம். டாக்டரிடமும் நர்ஸிடமும் மட்டும் அது தாராளமாகப் புரண்டது. மாப்பிள்ளை அதைக் கவனித்திருந்தான். கேட்டுச் சண்டை போட அவனுக்குப் பொறுமை இல்லை. ஒரு இடத்தில் நிற்கவே பொறுமை இல்லாதவன் எங்கே சண்டை போடுவது? சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டே ஆஸ்பத்திரியின் அந்த ஜன்னலில்லாத அறைக்குள் சக்கர நாற்காலியைத் தள்ளினான்.

ஏதோ சாமான் அறையைக் காலி பண்ணிக் கொடுத்திருந்தார்கள். முடிதிருத்தும் கடையில் இருப்பது போல் சாய்கிற நாற்காலி ஒன்று, ஒரு திரை, ஒயர்கள் தொங்கும் சின்னப் பெட்டி, அடுக்கி வைத்த பிளாஸ்டிக் டம்ளர்கள். அங்கே விழுங்குவதை அளந்து பார்க்கும் டெக்னீஷியன் அம்மா வாய் ஓயாமல் பேசினாள். மாமனாரின் மூக்கிலிருந்து தொங்கிய குழாயைப் பார்த்து, "இதை எடுத்துடலாமான்னுதாங்கய்யா பாக்கப் போறோம்" என்றாள்.

மாமனார் லிஃப்ட் பழுது பார்த்தே தலை நரைத்தவர். ஸ்டிக்கரையும் ஒயரையும் சந்தேகமாகப் பார்த்தார்.

"கரண்ட் உள்ள போகுதா, வெளிய வருதாம்மா?"

"வெளியதாங்கய்யா வருது. நீங்க முழுங்கும்போது தாடைக்கு அடியில இருக்கிற தசை வேலை செய்யும். அப்ப துளியூண்டு மின்சாரம் கிளம்பும். அதைத்தான் இந்தப் பெட்டி வாங்கிக் கோடா போடுது. நாங்க ஒண்ணும் குடுக்கிறதில்ல."

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. எர்த் எங்க?"

"இதோ, தோள்ல ஒட்டுற இது."

"சரி. முதல்ல இவனுக்கு ஒட்டு."

டெக்னீஷியன் சிரித்தாள். "நான் எப்பவுமே கூட வர்றவங்களுக்கு ஒரு தடவை ஒட்டிக் காட்டிட்டுத்தான் ஆரம்பிப்பேன். நல்ல கோடு எப்படி இருக்கும்னு நீங்களும் பாத்துக்கலாம். வாங்க சார்."

மாப்பிள்ளை கதவுப் பக்கம் ஒரு அடி வைத்தான். "வண்டிய இடம் மாத்தி விடணும் மேடம். நீங்க பாத்துட்டே இருங்க, நான் வந்துடறேன்."

"ரெண்டே நிமிஷம் சார்."

"ஸ்டிக்கருக்கே ஓட்டம் எடுக்குது பாரும்மா நம்ம வீட்டுச் சிங்கம்" என்றார் மாமனார்.

அதற்கு மேல் மறுத்தால் ஏன் என்று கேள்வி வரும். உட்கார்ந்தான்.

அவனுடைய அண்ணனுக்கு முதலில் இமைகள்தான் தொங்கின. தூங்குமூஞ்சி என்று எல்லோரும் கேலி செய்தார்கள். பிறகு தொண்டை மக்கர் பண்ணியது. சாப்பிடச் சாப்பிட இளைத்தான். ஒருநாள் சோறு நுரையீரலுக்குள் போய், காய்ச்சல் கண்டு, ஆள் எழவே இல்லை. 'இது குடும்பத்துல தொடரலாம்' என்று டாக்டர் சொன்னபோது மாப்பிள்ளை கட்டிலுக்குப் பின்னால் நின்றிருந்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை. போன வருஷம் அவன் வேலை பார்க்கும் குளிர்சாதனக் கிடங்கில் ஒரு வாய் சோறு நடுத்தொண்டையில் நின்றது. கீழேயும் போகாமல், மேலேயும் வராமல். அன்றிலிருந்து அவன் வீட்டில் சாப்பிடுவதில்லை. வேலையிடத்திலேயே ஆயிற்று என்பான். விடுமுறை நாளிலும் கிடங்கில் ஏதாவது வேலையைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவான். அங்கே பெட்டிகளின் மறைவில் நின்றபடி, தாடையை நெஞ்சில் அழுத்தி, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் ஊற்றித் தள்ளுவான். யாராவது வந்தால் டப்பாவை மூடிவிடுவான்.

டெக்னீஷியன் அவன் தாடைக்கு அடியில் ஸ்பிரிட் தடவித் துடைத்தாள். சில்லென்றது. ஸ்டிக்கர்களை ஒட்டி அழுத்தினாள். திரையில் கோடு படுத்துக் கிடந்தது.

"எச்சிலை முழுங்குங்க சார்."

பல்லைக் கடித்தான். கோடு துள்ளி எழுந்தது. இவ்வளவுதானா சங்கதி என்று ஒரு நொடி அவனுக்கு உயிர் வந்தது.

"கடிக்காதீங்க, முழுங்குங்க. பல்லைக் கடிச்சாலும் இது குதிக்கும். மெஷின் ஏமாறும், நான் ஏமாற மாட்டேன்." அவள் விரல் அவன் குரல்வளை மேல் வந்து உட்கார்ந்தது. மறு கையால் டம்ளரை நீட்டினாள். "ஒரு வாய் தண்ணி. ஒரே முழுங்கல்."

விழுங்கினான். கோடு எழும்பியது. இறங்குவதற்குள் மறுபடி எழும்பியது. பிறகு இன்னொன்று. வந்த இருமலை மென்று அடக்கியதில் கண்ணில் நீர் கோத்தது.

"ஸ்டிக்கர் சரியா ஒட்டல போலிருக்கு" என்று சொல்லி வேறு ஒட்டினாள். திரும்பவும் தண்ணீர். திரும்பவும் அதே கோடு. அவள் திரையையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஸ்டிக்கர்களை மெதுவாகப் பிய்த்தெடுத்து, "ஐயா வாங்க" என்றாள்.

மாமனார் குழாயும் மூக்குமாக உட்கார்ந்து, ஸ்பூனில் கொடுத்த தண்ணீரை விழுங்கினார். ஒரே மேடு. குள்ளமாக இருந்தது, ஆனால் ஏறிய வழியே ஒழுங்காக இறங்கியது. அடுத்ததும் அப்படியே.

"ரொம்ப நல்லாருக்குங்கய்யா. மத்ததையும் பாத்துட்டு டாக்டர் சொல்வாரு."

மாமனார் திரையையே பார்த்தார். "மாப்ள."

"ம்."

"என்னோடது ஒரு மேடு. உன்னோடது மலைத்தொடர் மாதிரி போச்சு. குழாயை ஆள் மாத்தி வெச்சுட்டாங்களோ?"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. மாப்பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டான்.

நடைவழியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். கை கழுவும் முறை பற்றிய படத்தை இரண்டு தரம் படித்தான். லிஃப்ட் பொத்தானை அழுத்தினான். கதவு திறந்ததும் ஏறவில்லை. டெக்னீஷியன் பின்னாலேயே வந்து நின்றாள்.

"சார், கண்ணு எப்பவுமே இப்படித்தானா? இமை கொஞ்சம் இறங்கின மாதிரி?"

"தூக்கம் கம்மி."

"ஒரு டாக்டரைப் பாருங்க. என்னன்னு சொல்ற இடத்துல நான் இல்ல. ஆனா பாருங்க."

"அந்தக் கோட்டை அழிச்சிடுங்க மேடம்."

"அழிக்க அங்க ஒண்ணுமே இல்ல சார். உங்களுக்குக் காட்டத்தானே ஒட்டினேன், நான் சேமிக்கவே இல்ல." அவள் அறைக்குத் திரும்பினாள்.

அப்படியென்றால் தப்பித்தாயிற்று. எந்தத் தாளிலும் அவன் இல்லை. மிச்சம் இருப்பது ஒரு கிழவரின் வாய்தான். மாமனாரை நடைவழிக்குத் தள்ளிக்கொண்டு வந்து, அவர் எதிரில் குனிந்தான்.

"மாமா, வீட்டுல சொல்லிடாதீங்க. அவ பயந்துடுவா."

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷம் இருக்கும்."

"அதான் வீட்டுல சாப்பிடறதில்லையா நீ?"

அவன் சாவிக்கொத்தை மறுபடி சுழற்றத் தொடங்கினான். மாமனார் குழாய் நகராமல் கன்னத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைச் சொறிந்துகொண்டார்.

"நான் வாயத் திறக்க முடியாம படுத்திருந்தேன்ல, அப்ப என் பொண்ணு தினமும் பக்கத்துல உக்காந்து அழுதா. கேக்கிற ஆளு திருப்பிப் பேச மாட்டான்ல, எல்லாத்தையும் கொட்டினா. லீவு நாள்லகூட ஓடிடறியாம். ஒரு வாய் வெளிய சாப்பிட்டு வர்றியாம். உனக்கு வேற எங்கயோ ஒரு குடும்பம் இருக்குதாம்."

"எனக்கா?"

"நானும் அதைத்தான் நெனச்சேன். இந்த மூஞ்சிக்கு ரெண்டான்னு." கிழவர் சிரிக்கவில்லை. "ஆனா நம்பிட்டேன். அவ பை கட்டி வெச்சிருக்கா மாப்ள. எனக்குக் குழாய எடுத்ததும் என்னைக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கே வந்துடறதா இருக்கா."

சாவிக்கொத்து அவன் விரலில் சுழல்வது நின்றது. கட்டிலடியில் இருந்த பையை அவன் பார்த்திருந்தான். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகும் துணி என்று நினைத்திருந்தான்.

போன் அடித்தது. மனைவிதான்.

"ஏங்க, அப்பாவுக்கு என்ன சொன்னாங்க?"

"நல்லா முழுங்கறாரு. டாக்டர் பாத்துட்டு எடுப்பாங்க போல."

"அப்பாடா." பின்னால் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம். "சரி. நீங்க வழக்கம்போல வெளியவே சாப்பிட்டுக்குவீங்க. நான் எதுவும் எடுத்து வைக்கல."

மாமனார் போனுக்காகக் கையை நீட்டினார். மாப்பிள்ளை கொடுக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"என்னால முழுங்க முடியல."

"என்ன?"

"சோறு இறங்க மாட்டேங்குது. ஒரு வருஷமா. அண்ணனுக்கு வந்துச்சுல்ல, அது மாதிரிதான் தெரியுது. நீ பாத்துடுவேன்னுதான் வெளிய சாப்பிட்டேன்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தான்.

"வேற ஒண்ணும் இல்லையே?" என்றாள்.

"இல்ல."

"என்னைப் பாத்துச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

"வேற ஒண்ணும் இல்ல. சத்தியமா."

அவள் அழுதாளா சிரித்தாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. அடுத்தது திட்டு. "மண்டையில என்னதான் வெச்சிருக்கீங்க? சொல்லாம மூடி வெச்சா தொண்டை சரியாயிடுமா? உங்க அண்ணன் போனத பாத்தவருதானே நீங்க! அங்கயே இருங்க. ஒரு அடி நகரக் கூடாது. வர்றேன்."

போனைச் சட்டைப் பையில் போட்டான்.

"என்னவாம்?"

"வர்றாளாம்."

"திட்டினாளா?"

"நல்லா."

"அப்ப சரி" என்றார் மாமனார். "பையைப் பிரிச்சிடுவா."

அதனால் எதுவும் சரியாகிவிடவில்லை. தொண்டை அதே தொண்டைதான். அண்ணனின் கடைசி நாட்கள் ஒவ்வொன்றும் அவனுக்கு மனப்பாடம். படிக்கட்டு கண்ணெதிரே இருந்தது. கால் அந்தப் பக்கமே இழுத்தது. டெக்னீஷியன் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "ஐயாவை டாக்டர் கூப்பிடறாரு."

அவன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தான்.

"மேடம், எனக்கும் காட்டணும்னா சீட்டு எங்க போடணும்?"

"கீழ, முன்னாடி கவுன்ட்டர்ல. ஆனா இன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி சார். சாயங்காலம் ஆயிடும்."

"பரவால்ல" என்றான். "இருக்கேன்."