காகித அரக்கியின் குரல்

இயக்குநர் செத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவருடைய படங்களில் எது உசத்தி என்று மூன்று பேர் அவர் வீட்டு மாடியில் இருந்த படத்தொகுப்பு அறையில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அடித்துக்கொள்ள வேண்டிய அவசியமும் இருந்தது. மறுநாள் காலை இரங்கல் கூட்டம். பேச்செல்லாம் முடிந்ததும் அவர் படம் ஒன்றைத் திரையிட வேண்டும். "அவரோட படத்துல எது சிறந்ததோ அதைப் போடுங்க. நானும் வந்து முன்வரிசையில உட்காருவேன்" என்று அவர் மனைவி சொல்லியிருந்தார்.

மூன்று பேருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் இருந்தது. இயக்குநர் ஒரு நாளும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. படத்தொகுப்பாளர் கத்திரி. அட்டையையும் காகிதத்தையும் வைத்தே ஒரு ஊரைக் கட்டி நிறுத்திவிடும் கலை இயக்குநர் பசை. ஒலிப்பதிவாளர் காது. அவர்களுக்கு அவர் அண்ணன், அவர் மனைவி அண்ணி. முப்பது வருஷம் அண்ணனின் கிறுக்குக்கெல்லாம் தலையாட்டியே நரைத்துப் போனவர்கள்.

அது லேசுப்பட்ட கிறுக்கும் இல்லை. ஒரு படத்தில் தபால்காரன் மூட்டையில் மேகங்களைச் சுமந்துபோய் வீடு வீடாகக் கொடுப்பான். இன்னொன்றில் ஒரு குடும்பம் மொத்தமும் மேல்கூரையில் தலைகீழாக வாழும். தட்டிலிருந்து சோறு விழாமல் இருக்கப் பசை பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மூன்றாவது, மழைக்குப் பயந்து ஊர் ஊராக ஓடும் ஒரு காகித அரக்கியின் கதை. கடைசியில் மழை அவளைப் பிடித்துக்கொள்ளும். கரைந்து போகும்போது ஒரே ஒரு முறை அலறுவாள். அந்த அலறலுக்கு அழாதவன் மனுஷனே இல்லை என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின.

"இதுல பேச என்ன இருக்கு? அரக்கிதான்" என்றான் பசை.

"அரக்கியேதான். அந்த ஒரு அலறல் போதும்" என்றான் கத்திரி.

"மேகப் படத்தைப் போடலாம்" என்றான் காது.

"மேகமா? வெட்டும்போது நானே தூங்கிட்டேன்டா அதைப் பார்த்து."

"சின்னப் பிள்ளைங்க வருவாங்க. கொஞ்சம் சிரிக்கட்டுமே."

"சிரிக்க வைக்கவா இரங்கல் கூட்டம் போடுறோம்? உனக்கு என்னதான் ஆச்சு? அந்த அலறலுக்கு விருது வாங்குனவன் நீ. உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிறியே!"

வாதத்தில் தான் தோற்றுக்கொண்டிருப்பது காதுக்கே தெரிந்தது. உண்மையைச் சொல்லாமல் ஜெயிக்க வழியும் இல்லை.

"ஆமா, அந்தக் குரல் கொடுத்த பொம்பளை யாரு?" என்று பசை கேட்டான். "யாரோ நாடக நடிகைன்னு அண்ணன் சொன்னாரு. அதுக்கப்புறம் ஆளையே காணோம். எங்க இருக்காளோ, பாவம்."

அவள் கீழே சமையலறையில் இவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது அது. அண்ணி அப்போது படத்துக்கு உடை தைத்துக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் காட்சி எடுத்து முடிந்ததும் அந்த அறையின் வெறும் ஓசையை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்வது இவர்கள் தொழிலில் வழக்கம். அந்த ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது, அசையக் கூடாது. அன்று மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். உள்ளே அண்ணனும் காதும், மூலையில் ஊசியும் நூலுமாக அண்ணியும் மட்டும். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே தயாரிப்பு நிர்வாகி உள்ளே வந்து அண்ணியிடம் குனிந்து ஏதோ சொன்னார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த நாலு வயது மகள் போய்விட்டாள்.

அண்ணி அலறினார். காதின் விரல் நிறுத்தும் பொத்தான்மேல் இருந்தது. அண்ணன் "போதும்" என்று சொல்லாமல் அவன் எந்தப் பதிவையும் நிறுத்தியதில்லை. அண்ணனோ, பதிவு ஓடும்போது அசையக் கூடாது என்ற பழக்கத்தில் மரம் மாதிரி நின்றார். அண்ணி மயங்கி விழுந்த பிறகுதான் இரண்டு பேரும் ஓடினார்கள்.

நாலு மாதம் கழித்து, அரக்கிக்கு எந்தக் குரலும் சரிவராமல், "அதை எடு" என்றார் அண்ணன். எதை என்று காது கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்தான். அந்த நிர்வாகியும் அப்புறம் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் போன வருஷத்துப் படம் என்று அண்ணி அதைப் பார்த்ததே இல்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை.

அண்ணி டீத் தட்டோடு மேலே வந்தார். "முடிவாயிடுச்சா?"

"அரக்கிதான், அண்ணி" என்றான் கத்திரி.

"சரி. அது ஒண்ணுதான் நான் பார்க்காதது. நாளைக்குப் பார்த்துடறேன்."

இத்தனை பேர் நடுவில், இருட்டில், தன் அலறலே தன்மேல் வந்து விழ அண்ணி உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்கவே காதுக்குத் துணிவில்லை. "வேண்டாம் அண்ணி" என்று ஆரம்பித்தவன், நாக்குழறி, முன்னுக்குப் பின்னாக, எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

அண்ணி தட்டை மேசைமேல் வைத்தார். "போடு."

"அண்ணி..."

"போடுன்னு சொல்றேன்ல?"

கத்திரி போட்டான். திரையில் மழை பெய்தது. அரக்கியின் தோள் நனைந்து தொங்கியது. அலறல் வந்தது. அண்ணி மேசை விளிம்பைப் பிடித்தபடி கேட்டார்.

"இது நானா?"

"ஆமா, அண்ணி."

"எனக்கு ஞாபகமே இல்ல. கண்ணு முழிச்சப்போ கார்ல இருந்தேன். அப்புறம் எனக்கு அழுகையே வரல. பெத்த பிள்ளை போயிருக்கு, இவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரலையேன்னு என் நாத்தனார் அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. போன மாசம்கூடச் சொன்னாங்க. உங்கண்ணன் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. தலையே நிமிரல. நானும் நம்பிட்டேன் தம்பி. நான் என்ன ஜென்மமோன்னு இத்தனை வருஷமா என்னை நானே காறித் துப்பிக்கிட்டேன்."

காதுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. இந்த வீட்டில் எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறான்! அந்த நாத்தனார் அப்படிச் சொல்லி அவனே கேட்டிருக்கிறான். குடும்ப விஷயம் நமக்கெதற்கு என்று கை கழுவப் போயிருக்கிறான்.

"இவ்வளவுதானா நான் அழுதது?" என்று அண்ணி கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் இருந்துச்சு."

"அது எங்க?"

"நான் அழிச்சிட்டேன், அண்ணி. கத்திரி கைக்குப் போறதுக்கு முன்னாடியே." காது தரையைப் பார்த்தான். "அதுல நீங்க பாப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்க. பேர் இருந்தா வெளியில தெரிஞ்சிடும்னு அண்ணன் அழிக்கச் சொன்னாரு."

பசை முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அண்ணி அழவில்லை. ஆடை படிந்திருந்த டீயை ஓரமாக நகர்த்தினார்.

"நாளைக்கு இதையே போடுங்க" என்றார். "அவரோட சிறந்த படம் இதுதானே? இருக்கட்டும். நாத்தனாரை என் பக்கத்துல உட்கார வைங்க. தம்பி, படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நீ மேடையில ஏறி, இது யார் அழுததுன்னு சொல்லணும். அழிச்சியே, அந்தப் பேரையும் சொல்லணும். ஞாபகம் இருக்கா?"

காது தலையாட்டினான்.

"சொல்லு."

அவன் அந்தக் குழந்தையின் பெயரைச் சொன்னான்.

"இன்னும் சத்தமா" என்றார் அண்ணி. "கடைசி வரிசை வரைக்கும் கேக்கணும்."