சண்டியும் தங்கமும்

கொழுந்தனுக்குப் பிறவியிலேயே பொறுமை கிடையாது. கண்ணுக்குத் தெரியாத கார்பன் நானோகுழாயை ஒரு சிப்பில் பொருத்தி மின்சாரம் விட்டு அளப்பது அவன் வேலை. அது எப்படி ஓடும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அண்ணியின் வேலை. வீடும் ஒன்று, லேபும் ஒன்று என்பதால் இருவர் சண்டைக்கும் இடைவேளையே இல்லை.

"இது சண்டி அண்ணி. எவ்வளவு தள்ளினாலும் கரண்ட் ஏற மாட்டேங்குது," என்று சிப்பைக் கழிவுப்பெட்டியில் போட்டான்.

"டியூப் மேல பழி போடாதீங்க தம்பி. அறைச் சூட்டுல அதோட அணுவெல்லாம் ஆடுது. ஓடுற எலக்ட்ரான் அதுல மோதி மோதித் திணறுது. குளிர வெச்சா ஆட்டம் அடங்கிடும்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உங்க கணக்குத் தப்புக்கு அணு என்ன பண்ணும்?" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனான்.

அண்ணி கழிவுப்பெட்டியை எட்டிப் பார்த்தாள். அவள் கணக்கு முழுவதும் இந்த ஒரு குழாயின் பருமனுக்கும் முறுக்குக்கும் போட்டது. இது குப்பைக்குப் போனால் இத்தனை நாள் உழைப்பும் கூடவே போகும். அவனோடு வாதாடுவதோ சுவரில் முட்டிக்கொள்வது. இடுக்கியால் சிப்பை எடுத்தாள், புதுப் பெட்டியில் வைத்தாள், புது லேபிள் ஒட்டினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அவளுக்குக் கைவந்த கலை.

பழுதுபார்க்கப் போயிருந்த குளிரூட்டும் கருவி மறுநாள் திரும்பி வந்தது.

"வேற டியூப் வந்திருக்கு தம்பி. குளிர வெச்சே பாருங்க."

பார்த்தான். மின்சாரம் மடை திறந்த மாதிரி ஓடியது. "தங்கம் அண்ணி. டியூப்னா இதுதான் டியூப். அந்தச் சண்டியும் இருந்துச்சே."

"கொஞ்சம் சூடேத்துங்களேன்."

சூடு ஏற ஏற மின்சாரம் இளைத்தது. அறைச் சூட்டுக்கு வந்ததும் மின்சாரத்தின் வரைகோட்டைத் திரையில் திரும்ப எடுத்தான். நடுவில் சின்னதாக ஒரு வளைவு. வாரம் முழுக்க அவன் திட்டித் தீர்த்த அதே வளைவு.

"இந்தக் கோணல எங்கயோ பார்த்திருக்கேன்."

"அப்படியா," என்றாள் அண்ணி, பால் குடித்த பூனை மாதிரி.

எழுந்து போய்க் கழிவுப்பெட்டியைத் திறந்து பார்த்தான். அதில் சிப் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தவனின் காது சிவந்திருந்தது.

"கூடம் கோணல்தான் போலிருக்கு அண்ணி."

"கோணல் இல்ல தம்பி. ஆடினதே கூடம்தான். நான் இல்ல."