ஏழாம் நம்பர் குதிரையின் நெற்றி

"உன்ற மாப்ள ரேஸ் கோர்ஸ்ல நிக்கறாரு கண்ணு. வியாழக்கிழமையும் பாத்தாராம், இன்னைக்கும் பாத்தாராம் எங்க வூட்டுக்காரரு" என்று இங்கே பக்கத்தில் குடியிருக்கும் எங்கள் ஊர்க்கார வசந்தாமணி ஆன்ட்டி சனிக்கிழமை சாயங்காலம் போனில் சொன்னார். அவர் வீட்டுக்காரர் எதற்கு இரண்டு நாள் போனார் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் கவுண்டி ஃபேரில், அதாவது இங்கத்து மாவட்டப் பொருட்காட்சியில், புதன் முதல் ஞாயிறு வரை ஐந்து நாள் குதிரை ரேஸ். எனக்குப் பேசி வைத்திருந்த சபரி, சாண்டா கிளாராவில் ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ் வேலை, ஒரு வாரம் தலை நிமிர முடியாது என்று என்னிடம் சொல்லியிருந்தார். போன மாதம் நான் லீவில் கோயம்புத்தூர் போனபோது அவர் அம்மா வந்து எனக்குப் பூ வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நாள் குறிக்காமல் 'ஆடி போகட்டும்' என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் குடிக்கிறவனுக்குக்கூட யோசித்துப் பெண் கொடுப்பார்கள். ரேஸுக்குப் போகிறவனுக்குக் கொடுக்கவே மாட்டார்கள்.

நேரே போய் மல்லுக்கு நிற்கும் ரகம் நான். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஃப்ரீமாண்டிலிருந்து அந்தக் கோபத்தோடுதான் டிரைவ் பண்ணிக்கொண்டு போனேன்.

ரேஸுக்கு முன்னால் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டும் இடத்தில், கம்பி ஓரமாக சபரி நின்றிருந்தார். கழுத்தில் பைனாகுலர், கையில் நோட்டு. ஒவ்வொரு குதிரையின் முகத்தையும் உற்றுப் பார்த்து ஏதோ எழுதினார். பந்தயம் கட்டும் டிக்கெட் ஜன்னல் பக்கமே போகவில்லை. குதிரைகள் ஓடும்போது சுற்றியிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று கத்தினார்கள். இவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். முடிந்ததும் போர்டைப் பார்த்து மறுபடி எழுதினார். இரண்டு ரேஸ் இப்படியே போயிற்று. ரேஸுக்கு வந்து ரேஸைப் பார்க்காத மனுஷனை நான் கேள்விப்பட்டதே இல்லை. கோபம் ஆறி, என்னதான் எழுதுகிறார் என்று மண்டை குடைய ஆரம்பித்தது. பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக மூன்றே கட்டங்கள்: நம்பர், சுழி, எத்தனையாவது.

"ரிலீஸ் முடிஞ்சுதுங்களா?" என்றேன்.

நோட்டு கீழே விழுந்தது. "வான்மதி, நீங்க எங்க இங்க?"

"சுழின்னா என்னங்க?"

குனிந்து நோட்டை எடுத்தார். "அம்மா வீட்ல அந்தியூர்ச் சந்தைக்குக் குதிரை கொண்டு போறவங்க. நெத்தியில ரெட்டைச் சுழி இருந்தா குடும்பத்துக்கு ஆகாதுன்னு அந்தக் குதிரைய வாங்கவே மாட்டாங்க. பூ வெச்சப்ப உங்க தலையில ரெட்டைச் சுழியப் பாத்துட்டாங்க."

என் கை உச்சந்தலைக்குப் போனது. சின்ன வயதிலிருந்து கேட்டுப் புளித்துப்போன பேச்சு, ரெட்டைச் சுழிக்கு இரண்டு கல்யாணம் என்று. இங்கே முதல் கல்யாணத்துக்கே வழியைக் காணோம்.

"சும்மா சொன்னா நம்ப மாட்டாங்க. குதிரைன்னா நம்புவாங்க. அஞ்சு நாள் டேட்டா கலெக்ட் பண்ணி, சுழிக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தமே இல்லைன்னு ப்ரூவ் பண்ணலாம்னு…"

"என்னையும் குதிரையையும் ஒரே நோட்டுல ஏத்திட்டீங்க. சரி, டேட்டா என்ன சொல்லுது?"

"கிளியரா இல்லீங்க. அடுத்ததுதான் ஃபேர்லயே பெரிய ரேஸ். ஏழாம் நம்பருக்கு ரெட்டைச் சுழி. அது ஜெயிச்சா போதும், அம்மாகிட்ட ஒரே வார்த்தையில சொல்லிருவேன்."

அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் குதிரையின் நெற்றியைப் பார்க்காமல் போக முடியவில்லை. பைனாகுலரைப் பிடுங்கிப் பார்த்தேன். செம்பழுப்புப் பெண் குதிரை. நெற்றி வெள்ளையில், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சுழி. யாரைப் பற்றியும் கவலையில்லாமல் கொட்டாவி விட்டது. எனக்கு அதை ரொம்பப் பிடித்துப்போனது.

கடைசி வளைவு வரை ஏழு இரண்டாவதாக வந்தது. நானும் எழுந்து நின்று தொண்டை கட்டக் கத்தினேன். வளைவு திரும்பியதும் ஒவ்வொரு குதிரையாக அதைத் தாண்டிப் போயின. ஏழு கடைசியாக வந்தது.

சபரி எழுதவில்லை. "இன்னும் ரெண்டு ஃபேர் பாத்தா சாம்பிள் பெருசாகும்" என்றார் மெதுவாக.

"நான் எத்தனை ஃபேர் காத்திருக்கணும்? சந்தேகம் உங்க அம்மாவுக்கா, உங்களுக்கா?"

நோட்டை மூடினார். "எனக்கும் கொஞ்சம் இருந்துச்சு."

வலித்தது. பொய் சொல்லியிருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது. பைனாகுலரை அவர் கையில் திணித்துவிட்டு பார்க்கிங் பக்கம் நடந்தேன்.

கேட் அருகே பே-போன்கள் இருந்தன. பின்னாலேயே வந்தவர் அங்கே நின்று, ஊருக்குப் பேச வாங்கிய காலிங் கார்டைப் பார்த்து நம்பரை அழுத்த ஆரம்பித்தார். நானும் நின்றேன். ஊரில் விடிகாலை ஐந்தரை, அவர் அம்மா பால் கறக்கும் நேரம்.

"அம்மா, சபரி பேசறனுங்க. ரேஸ்ல இருக்கறனுங்க. ஆமாங்க, குதிரை ரேஸுதான். ரெட்டைச் சுழிக் குதிரை ஒண்ணு ஓடுச்சுங்க. இல்லீங்க, ஜெயிக்கல. கடைசியா வந்துச்சு." மூச்சு வாங்கினார். "அதுக்குத்தான் கூப்பிட்டனுங்க. அது தோத்துருச்சு. நான் இந்தப் புள்ளையத்தான் கட்டிக்கறேன். நாள் பாருங்க."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார் போலிருக்கிறது, "இங்கதான் நிக்குதுங்க" என்றார். கார்டில் நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு சபரி ரிசீவரை என்னிடம் நீட்டினார். வாங்கிக் காதில் வைத்தேன்.

"அம்மணி" என்றார் அவர் அம்மா. "அந்தக் குதிரைக்குக் காலுல அடி கிடி படலியே?"

"இல்லீங்க அத்தை. நல்லா நடந்துதான் போச்சு."

"அப்பச் சரி. ஆவணியில நாள் பாக்கறேன்."