நிமிர்ந்து நின்ற முட்டைகள்

கண்ணாடிக் கிண்ணத்தை அவன் மூன்றாவது தடவையாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். மாமனார் இறந்தது தெரிந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அடுத்த அறையில் டாக்டர் கட்டிலருகே குனிந்து அவருடைய கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவனோ சமையலறைக் குழாயைச் சன்னமாகத் திறந்துவிட்டு, ஏற்கனவே பளபளத்த கிண்ணத்தின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். சாவு வீட்டில் பாத்திரம் கழுவுகிற ஆணைப் பார்த்தால் யாருக்கும் பாவமாகத்தான் இருக்கும். எதிர்வீட்டு அக்காவுக்கும் அப்படித்தான் இருந்தது.

"விடுங்க தம்பி, நான் பாத்துக்கறேன். நீங்க போய் அவ பக்கத்துல உக்காருங்க."

"ஆச்சுக்கா. இது ஒண்ணுதான்."

அந்தக் கிண்ணத்தில்தான் நேற்றுச் சாயங்காலம் மாமனாருக்குப் பாலும் முட்டையும் சேர்த்துக் காய்ச்சிய கஸ்டர்ட் கொடுத்தான். இன்னொரு கிண்ணம் மனைவிக்கு. அவனுக்குச் சர்க்கரை நோய், செய்து பார்ப்பதோடு சரி. வாணலியில் ஒட்டியிருந்ததை விடியற்காலையிலேயே வழித்துக் கொட்டிவிட்டான். முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொட்டினான். வாடை ஒன்றும் இல்லை. வாடை இல்லை என்பது அவனுக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை.

அவன் வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது. அரை மில்லிமீட்டர் பிசகினால் முன்பின் தெரியாத ஒருவருக்கு மாதக்கணக்கில் தலைவலி வரும் என்று தெரிந்த கை. வீட்டுக் கொல்லையில் நான்கு கோழி வளர்க்க ஆரம்பித்தபோதும் அதே கறார்தான். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் தேதி போடுவான். நான்கு கோழி போடுகிற முட்டையை மூன்று பேர் தின்று தீர்க்க முடியாது. அதனால்தான் கேக் சுட ஆரம்பித்தான். முதல் கேக் செங்கல் மாதிரி வந்தது. படுக்கையில் இருந்த மாமனார் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, பின்சுவர்ல ஒரு ஓட்டை இருக்கு, அதுக்குச் சரியா இருக்கும்" என்றார். நாலாவது கேக்குக்கு இன்னொரு துண்டு கேட்டார். அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் "என்ன மாப்பிள்ளை, பேக்கரி தொறந்தாச்சா?" என்ற குரல் வரும். இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு கேக் தொண்டையில் இறங்கவில்லை என்றார். அப்புறம்தான் கஸ்டர்ட்.

பிசகு முந்தாநாள் ஆரம்பித்தது. பழுப்புக் கோழி, மாமனார் 'மகாராணி' என்று பேர் வைத்தது, மூன்று வாரமாக முட்டையிடவில்லை. இறகு உதிர்க்கிற காலம் என்று விட்டுவிட்டான். அவள் இட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த தகரத்துக்குள்ளே. ஒன்பது முட்டை. எதில் என்ன தேதி என்று அவளுக்குத்தான் தெரியும். தண்ணீரில் போட்டுப் பார்த்தான். படுத்தால் புதுசு, மிதந்தால் குப்பை. இவற்றில் ஐந்து மிதந்தன. நான்கு முட்டை படுக்கவும் இல்லை, மிதக்கவும் இல்லை. அடியைத் தொட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றன. அப்படி நிற்பதைக் கெட்டியாக வேக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கேக்கில் போட்டு நன்றாகச் சுட வேண்டும். அது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் தனிக் கூடையில் வைத்தான். நேற்றுக் கடையிலிருந்து தாமதமாக வந்த அவசரத்தில் கை அந்தக் கூடைக்குப் போனது. மாமனாருக்கு நீர்க்க இருந்தால்தான் இறங்கும் என்று, கெட்டிப்படுவதற்கு முன்பே அடுப்பை அணைத்துவிட்டான். கிண்ணங்களைக் கொடுத்துவிட்டு, மாமனார் சொன்னபடி கோழியை அடைத்துவிட்டு வந்து, முட்டை ஓட்டைப் பொறுக்கும்போதுதான் பார்த்தான், ஒன்றிலும் தேதி இல்லை. அதற்குள் மாமனார் அறையில் கரண்டிச் சத்தம் கேட்டது.

போய்த் தட்டிப் பறித்திருக்கலாம். வாடை இல்லையே, ஒன்றும் ஆகாது என்று நின்றுவிட்டான். காலையில் மனைவி காப்பி எடுத்துப் போனபோது மாமனார் எழுந்திருக்கவில்லை.

"சார், கொஞ்சம் வாங்க" என்று டாக்டர் கூப்பிட்டார்.

கிண்ணம் கையிலிருந்து நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. உடையவில்லை. ஈரக் கையோடு போய் நிலைப்படியில் நின்றான். மனைவி கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் ஒரு படிவத்தை முழங்காலில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார்.

"கடைசியா என்ன சாப்பிட்டார்?"

அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். வாயைத் திறந்தான்.

"கஸ்டர்ட்" என்றாள் மனைவி. "இவர் செஞ்சது. ஒரு கிண்ணம் முழுசா சாப்பிட்டார்."

"வாந்தி, வயித்துப்போக்கு ஏதாவது?"

"இல்ல டாக்டர்."

"நல்லா சாப்பிட்டுட்டுத் தூக்கத்துலயே போயிருக்கார். கொடுத்து வெச்சவர். இதயம் பலவீனம்னு நமக்குத் தெரிஞ்சதுதானே."

டாக்டர் கையெழுத்துப் போட்டார். என்ன முட்டை, எத்தனை நாள் முட்டை என்று அவர் கேட்கவில்லை. உலகத்தில் எந்த டாக்டரும் அதைக் கேட்க மாட்டார். தானாகச் சொன்னால்தான் உண்டு. சொன்னால் அந்தப் படிவத்தைக் கிழித்துப் போட்டு வேறு எழுதுவார். மனைவி தலையைத் தூக்கி அவனைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்து அவன் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒரு மணி வரை கிளினிக்கில் இருப்பதாகச் சொன்னார். இவன் வாசல் வரை போய்க் கதவைத் திறந்துவிட்டான். நன்றி என்றுகூடச் சொன்னான்.

திரும்பி வந்தபோது மனைவி அறையில் இல்லை. குளியலறையிலிருந்து குமட்டுகிற சத்தம் வந்தது.

ஒரு தடவை. சற்று இடைவெளி. மறுபடி.

இவ்வளவு நேரம் தான் பயந்தது ஒரு பயமே இல்லை என்று அப்போது தெரிந்தது. போனவரை ஒன்றும் செய்ய முடியாது. இவள் இருக்கிறாள். இவளும் ஒரு கிண்ணம் சாப்பிட்டிருக்கிறாள்.

கதவைத் தட்டினான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"எப்பலேருந்து?"

"என்ன?"

"வாந்தி. எப்பலேருந்து இருக்கு?"

"இப்பதான். வெறும் வயிறு. அழுதா எனக்கு எப்பவும் குமட்டும், உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அவளுடைய அம்மா போனபோதும் அப்படித்தான் குமட்டினாள். அந்த ஞாபகத்தைப் பிடித்துக்கொண்டு இப்போதும் சும்மா இருந்துவிடலாம். நேற்றும் இப்படித்தான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உக்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

சமையலறை முக்காலியில் அவளை உட்கார வைத்தான். எதிர்வீட்டு அக்கா குறிப்பறிந்து வெளியே போனாள். தகரம், ஒன்பது முட்டை, தண்ணீரில் நிமிர்ந்து நின்றது, தேதி இல்லாத ஓடு, சீக்கிரம் அணைத்த அடுப்பு, எல்லாவற்றையும் சொன்னான். "தெரிஞ்சும் வந்து தடுக்கல. மாமாவை நான்தான்..." என்று ஆரம்பித்து, முடிக்கத் தெரியாமல் நின்றான்.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எதிர்பார்த்துப் பயந்த பார்வை அது இல்லை.

"அப்பா அதைச் சாப்பிடல" என்றாள்.

"டாக்டர்கிட்ட நீதானே சொன்ன?"

"நீங்க நின்னுட்டு இருந்தீங்களே, அதனால சொன்னேன். அவருக்கு மூணு நாளாவே எதுவும் இறங்கல. தண்ணியே கஷ்டம். மாப்பிள்ளை ஆசையா செய்யறார், மூஞ்சி சுருங்கிடும், சொல்லாதேன்னார். கோழியை அடைச்சாச்சான்னு பாத்துட்டு வாங்கன்னு தினமும் உங்களை அனுப்புவார்ல? நீங்க வர்றதுக்குள்ள நான் தின்னுடுவேன். அவர் கரண்டியைக் கிண்ணத்துல சும்மா தட்டிட்டு இருப்பார்."

வழித்து வைத்த கிண்ணத்தைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போன மூன்று சாயங்காலங்களையும் நினைத்தான்.

"சிரிப்பு வரும் எங்களுக்கு" என்றாள் அவள். "இறங்கலன்னு அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லியிருக்கணும். அவர் பேச்சைக் கேட்டுட்டு நானும் விளையாடிட்டேன். நீங்க கிண்ணத்தைத் தேய்ச்சுட்டு இருந்தப்ப நான் அதைத்தான் நெனச்சுட்டு இருந்தேன்."

மாமனாரைத் தான் கொல்லவில்லை. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் அவனுக்கு உடம்பு லேசானது. அடுத்த மூச்சில் கணக்கு விளங்கிவிட்டது.

"அப்ப ரெண்டு கிண்ணத்தையும் நீயா சாப்பிட்ட?"

"ஆமா."

அவன் செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் ஓடினான். துக்கம் விசாரிக்க வந்துகொண்டிருந்த இரண்டு பேர், ஏதோ சாமான் வாங்க ஓடுகிறான் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். கிளினிக்கில் காத்திருந்தவர்களைத் தாண்டி உள்ளே போய், ஒன்று விடாமல் சொன்னான். டாக்டர் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார்.

"பயப்படறதுக்கு இப்ப ஒண்ணும் தெரியல. ஆனா ஒண்ணும் ஆகாதுன்னும் நான் சொல்ல மாட்டேன். மூணு நாள் பாக்கணும். காய்ச்சல், வயித்துவலி, மறுபடி வாந்தி, எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. இந்தப் பொடியைத் தண்ணில கலந்து கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. சாயங்காலம் நானே வந்து பாக்கறேன். அவர் சாப்பிடாம இருந்ததையும் அப்ப பேசுவோம்."

பன்னிரண்டு மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. மாமனாரோடு வேலை பார்த்தவர்கள் வந்தார்கள், தூரத்து உறவுகள் வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று, தூங்குகிற மாதிரியே இருக்கிறார் என்றார்கள். மனைவி சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவன் அவள் எதிரில், கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான். கையில் டம்ளர். அவள் ஒரு வாய் குடித்தாள். அது இறங்குகிற வரை தொண்டையைப் பார்த்தான். நெற்றியில் புறங்கையை வைத்தான். காய்ச்சல் சூடா, வெயில் சூடா என்று அவனுக்குத் தெரியவில்லை. தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி அவள் நெற்றியைத் தொட்டான்.

"எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் அவள் மெதுவாக. "என்னையே பாத்துட்டு இருக்காதீங்க. திரும்பி உக்காந்து அப்பாவைப் பாருங்க. இன்னும் கொஞ்ச நேரம்தான் இருப்பார்."

"பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, டம்ளரை மறுபடி அவள் வாயருகே கொண்டுபோனான்.