சரணடையும் பட்டன் எங்கே?

ஆட்டத்தில் விண்வெளி வேண்டவே வேண்டாம் என்றார் அத்தான். விண்வெளி இல்லையென்றால் இந்த வேலையை விட்டுவிட்டு மீன் தொட்டி விற்கப் போய்விடுவேன் என்றான் ராக்கெட். மூன்று வாரமாக இதே பேச்சுதான்.

இருவரும் சேர்ந்து நடத்திய நிறுவனம் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் மாடியில், மூன்று அறைகளில் இருந்தது. கணினியில் விளையாடும் வியூக ஆட்டங்கள் செய்வது தொழில். அத்தான் விதிகள் எழுதுவார். எந்த அரசு எப்போது எதைக் கட்டலாம், ஒரு கோட்டை எத்தனை நாள் முற்றுகையைத் தாங்கும், வரியை ஏற்றினால் ஜனங்கள் எப்போது கல்லெடுப்பார்கள் என்பதெல்லாம் அவர் தலையில் இருந்து வரும். ராக்கெட் அவருடைய மனைவியின் தம்பி. படம் வரைவதும் நிரல் எழுதுவதும் அவன் பாடு. பள்ளிக்கூடத்தில் நோட்டு அட்டை முழுக்க ராக்கெட் வரைந்ததால் வந்த பெயர், முப்பத்தாறு வயதிலும் விட்டபாடில்லை.

அவர்களுடைய முதல் ஆட்டத்தின் பெயர் 'ஆறும் அரசும்'. ஆற்றங்கரையில் நாலு குடிசையோடு தொடங்கி, ரயில் ஓடும் காலத்தோடு முடிந்துவிடும். சுமாராக ஓடியது. இரண்டாம் பாகத்தை எதுவரை கொண்டுபோவது என்பதில்தான் தகராறு.

"நாகரிகம்னா என்ன மச்சான்? ஆத்தோரமா நாலு பேர் குடியேறுறான், பக்கத்துக்காரன்கிட்ட வேலித் தகராறு பண்றான். அவ்வளவுதான் நாகரிகம். மேல ஆறு இருக்கா? வேலி இருக்கா?"

"மனுஷன் மேல போயாச்சு அத்தான். நீங்க இன்னும் ரயில்ல உக்காந்துக்கிட்டு ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா எப்படி?"

அத்தான் தன் காரணங்களை வெள்ளைப் பலகையில் நீல மையில் எழுதினார். ராக்கெட் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதினான். பலகை நிரம்பியதும் கண்ணாடிக் கதவில் எழுதினார்கள். கடைசியில் முதல் ஆட்டத்தை விளையாடியவர்கள் அனுப்பிய கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தார்கள். பத்தில் எட்டுப் பேர் நிலாவுக்குப் போக வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மீதி இரண்டு பேர் யானைகளின் வேகத்தைக் கூட்டச் சொல்லியிருந்தார்கள்.

அத்தான் இறங்கி வந்தார். "சரி, வரட்டும். ஆனா ஒரு நிபந்தனை. மேல சண்டை கிடையாது. அஞ்சாயிரம் வருஷமா கீழ அடிச்சுக்கிட்டுச் சாகுறாங்க. ஒரு இடமாவது சுத்தமா இருக்கட்டும்."

பலகையைத் துடைத்துவிட்டு இதற்கும் ராக்கெட் சிவப்பில் எதிர்ப்பு எழுதினான், அத்தான் நீலத்தில் பதில் எழுதினார். அவன் ஏற்கெனவே பதினொரு விதமான போர்க்கப்பல்களை வரைந்து முடித்திருந்தான். ஒவ்வொன்றிலும் முன்னால் நான்கு பீரங்கி. மறுபடி வரைய நேரமில்லாததால் பீரங்கிகளை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஓட்டைகளில் விளக்குகளை மாட்டினான். இவ்வளவு பிரகாசமான கப்பல்களை உலகம் பார்த்திருக்காது.

சண்டை வராமல் இருக்க அத்தான் அருமையான ஒரு ஏற்பாடு செய்தார். நிலாவைச் சுற்றி நான்கு நிலையங்கள். ஒன்றில் பனிக்கட்டி, அதாவது தண்ணீர். ஒன்றில் ஆக்ஸிஜன். ஒன்றில் எரிபொருள். ஒன்றில் உணவு. "ஒருத்தர் கையை ஒருத்தர் எதிர்பார்த்துத்தான் வாழணும். அப்புறம் எங்கேர்ந்து சண்டை வரும்?" என்றார். அந்த விதியை எழுதி முடித்த அன்று அவர் முகத்தில் ஒரு அருள் வந்திருந்தது.

வீட்டிலும் ஏறக்குறைய இதே சட்டம்தான். அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். மூவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். விண்வெளி விவகாரம் தொடங்கிய முதல் வாரமே அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "ஆபீஸ் சண்டை எல்லாம் செருப்போட வெளியில நிக்கணும். சாப்பாட்டு மேசையில ஒருத்தரும் குரலை உசத்தக் கூடாது." யாரும் உயர்த்தவில்லை. குரலே எழவில்லை. உப்பு வேண்டுமென்றால் ராக்கெட் அக்காவைப் பார்ப்பான், அக்கா அத்தானைப் பார்ப்பாள், அத்தான் உப்பைத் தள்ளுவார். நாலு மாதம் அப்படி ஓடிற்று. எங்கள் வீட்டில் சத்தமே கேட்காது என்று அக்கா பரிசோதனைக் கூடத்தில் பெருமை பேசிக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் விண்வெளிப் பகுதியை முதல் தடவையாகச் சோதித்துப் பார்த்தார்கள். விளையாட நான்கு பேர் வந்தார்கள். இரண்டு பேர் அக்காவோடு வேலை செய்கிறவர்கள். மூன்றாவது ஆள் எதிர்க் கட்டடத்துப் பல் டாக்டர். பார்க்கிற ஊரையெல்லாம் கொளுத்திக்கொண்டே போவது அவர் பாணி. நான்காவது, ஓய்வு பெற்ற பூகோளம் டீச்சர். இதுவரை ஒரு ஆட்டத்தில்கூட அந்த அம்மா போர் தொடுத்ததில்லை. பக்கத்து அரசுகளுக்கு அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதுவார்.

வெண்கலக் காலத்திலேயே டாக்டர் டீச்சருடைய துறைமுகத்தைக் கொளுத்தினார். டீச்சர் தேநீர் குடித்தார். ரயில் வந்தது, விமானம் வந்தது, நால்வரும் மேலே போனார்கள். டீச்சருக்குப் பனிக்கட்டி நிலையம் வாய்த்தது.

கால் மணி நேரம் கழித்து டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "என் ஸ்டேஷனுக்குத் தண்ணி வரலையே?"

"வராது டாக்டர் தம்பி," என்றார் டீச்சர்.

"ஏன் டீச்சர்?"

"நான் அனுப்பலை."

டாக்டர் திரையில் அங்கும் இங்கும் தேடினார். தாக்குவதற்கு ஒன்றும் இல்லை. கப்பலை எடுத்துக்கொண்டு டீச்சருடைய நிலையத்துக்குப் போனார். அங்கே போய் விளக்கடிக்கத்தான் முடிந்தது. ஒரு நிமிஷத்துக்கு நாற்பது பேர் வீதம் அவருடைய நிலையத்தில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், நான் தோத்துட்டேன். ஒத்துக்கறேன். சரணடையற பட்டன் எங்க இருக்கு?" என்று அத்தானைக் கேட்டார்.

அத்தான் எட்டிப் பார்த்தார். சரணடையும் பட்டன் இருக்க வேண்டிய சமாதானப் பட்டியல் காலியாக இருந்தது. போரை நிறுத்துவதற்காக அவர் எழுதிய பட்டியல் அது. போர் நடந்தால்தான் அதில் எதிரியின் பெயர் வரும். டாக்டர் விடாமல் அமுக்கியதில் திரை நடுவே ஒரு வாசகம் வந்து நின்றது: 'உங்களுக்கு யாருடனும் பகை இல்லை. எங்கும் அமைதி நிலவுகிறது.'

"டீச்சர், கொஞ்சம் தண்ணி விடுங்களேன். குழந்தைங்க எல்லாம் இருக்காங்க."

"நான் என்னப்பா பண்ணேன்? ஒரு கல்லாவது எறிஞ்சேனா? குடுக்காம இருக்கேன், அவ்வளவுதானே." டீச்சருடைய குரல் மாறவே இல்லை.

மற்ற இருவரும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஆக்ஸிஜனை நிறுத்தினாள். மற்றவன் உணவை நிறுத்தினான். மாலை ஐந்து மணிக்கு நான்கு நிலையத்திலும் உயிர் இல்லை. ஒரு தோட்டா வெடிக்கவில்லை. நிலாவைச் சுற்றி விளக்குகள் மட்டும் ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தன. வந்தவர்கள் நல்ல ஆட்டம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். டாக்டர் டீச்சரை மாடிப்படியில் கைபிடித்து இறக்கிவிட்டார்.

அத்தான் ஆட்டத்தின் பதிவை எடுத்துக் கூட்டிப் பார்த்தார். தரையில் ஐயாயிரம் வருஷத்துப் போர்களில் செத்தவர்களைவிட, மேலே சண்டையில்லாத முப்பது வருஷத்தில் செத்தவர்கள் இரண்டு மடங்கு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை. எப்போதும் பேசாத வீடாகையால் யாரும் கவனிக்கவும் இல்லை.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் சொன்னார். "மச்சான், பீரங்கி வேணும்."

அந்த வார்த்தைக்காக நாலு மாதம் காத்திருந்தவன் ராக்கெட். ஆனால் இப்போது அவன் தலையை ஆட்டினான். "வேண்டாம் அத்தான். தண்ணிக் குழாயை வச்சுக்கிட்டே அந்தம்மா இந்தப் பாடு படுத்துறாங்க. கையில பீரங்கியும் குடுத்தா என்ன ஆகும்?"

"சண்டைன்னு ஒண்ணு இருந்தாத்தாண்டா சமாதானம்னு ஒண்ணு இருக்கும்!"

"ஒரு இடமாவது சுத்தமா இருக்கட்டும்னு யாரு சொன்னது?"

"நான் சொன்னா? தப்பா சொல்லக் கூடாதா?"

பலகையில் பழைய எழுத்து அழியாமலே இருந்தது. அத்தான் சிவப்பு மையைத் தட்டித் தட்டிப் பேசினார். ராக்கெட் நீல மையில் இருந்ததை வரி பிசகாமல் வாசித்தான். தான் எழுதிய காரணங்களையே தனக்கு எதிராகக் கேட்பதைப்போல எரிச்சல் மூட்டுவது வேறெதுவும் இல்லை. சத்தம் தாங்காமல் கண்ணாடிக் கடைக்காரர் மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

நான்காம் நாள் காலை, சாப்பாட்டு மேசையில், செருப்போடு நிற்க வேண்டிய சண்டை உள்ளே வந்துவிட்டது. யார் தொடங்கியது என்று தெரியவில்லை. ரொட்டியை வைத்துவிட்டு இருவரும் எழுந்து நின்று கத்தினார்கள். அக்கா தடுக்கவில்லை. தட்டை ஓரமாகத் தள்ளினாள்.

"முடிச்சாச்சா? இப்ப நான் கத்தலாமா?"

இருவரும் உட்கார்ந்தார்கள்.

"எனக்கு வேற ஊர்ல மேற்பார்வையாளர் வேலை குடுத்திருக்காங்க. ரெண்டு வருஷத்துக்கு. ஆர்டர் வந்து ஏழு வாரம் ஆச்சு. இதே மேசையில மூணு தடவை கடிதத்தை வச்சேன். ஒருத்தன் அது மேல கண்ணாடியைக் கழட்டி வச்சான். ஒருத்தர் அதுல கை துடைச்சார்."

"ஏன்மா வாயைத் திறந்து சொல்லலை?" என்றார் அத்தான்.

"சொன்னா சண்டை வருமேன்னு."

"நான் ஏன் சண்டை போடப் போறேன்? போயிட்டு வான்னுதானே சொல்லியிருப்பேன்!"

"போயிட்டு வான்னு சுலபமா சொல்லிடுவீங்கன்னுதாங்க சொல்லலை," என்றாள் அக்கா. அழுதாள். பிறகு அரை மணி நேரம் நன்றாகச் சண்டை போட்டாள். ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு குளிர்சாதனப் பெட்டி விஷயம்கூட வந்தது. அத்தானும் விடவில்லை. ராக்கெட் சமாதானம் செய்யப் போய் இரண்டு பக்கமும் வாங்கிக்கட்டிக்கொண்டான். அன்று அவள் வேலைக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம். சாயங்காலமே, புது வேலைக்குப் போகிறேன் என்று பதில் எழுதிவிட்டாள்.

அவளுக்குப் பெட்டி கட்டிக்கொடுத்த வாரத்தில்தான் ஆட்டத்தின் வழக்கும் தீர்ந்தது. பீரங்கி இருக்கும். அதற்கு முன்னால், மனக்குறையைச் சொல்ல ஒரு பட்டன் இருக்கும். போர் நடந்தாலும் நடக்காவிட்டாலும் சரணடையலாம். சரணடைந்தவருக்குத் தண்ணீரை நிறுத்த முடியாது. இதில் யார் விட்டுக்கொடுத்தது என்பது இருவருக்கும் நினைவில்லை. இருவரும் தான்தான் என்று நம்பினார்கள்.

அடுத்த சோதனையில் பல் டாக்டர் நிலாவுக்கு வந்து இறங்கிய மறுகணமே டீச்சரிடம் சரணடைந்துவிட்டார். டீச்சருக்கு மகா வருத்தம். "இப்படிப் பொசுக்குனு சரணடைஞ்சா நான் எதை வச்சு விளையாடுறது?" விதியை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, மனமில்லாமல் தண்ணீரைத் திறந்துவிட்டார். அப்புறம் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு போரை அறிவித்தார். ஆக்ஸிஜன்காரியோடு. குறி பார்க்கத் தெரியாமல் மூன்றே நிமிஷத்தில் தோற்றார். உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. செத்தவர்கள் பதினொரு பேர்.

ஆட்டம் வெளியாகி ஓரளவு நன்றாகவே போனது. ஒரு பத்திரிகை விண்வெளிப் போரைச் சேர்த்ததற்காக அவர்களை வன்முறை வியாபாரிகள் என்று எழுதியது. இன்னொன்று பீரங்கிகள் போதவில்லை என்றது. அத்தான் இரண்டையும் கத்தரித்து ஒட்டி வைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். புது ஊர்ப் பரிசோதனைக் கூடத்தில் உணவு இடைவேளையில் எல்லோரும் அந்த ஆட்டத்தைத்தான் விளையாடுகிறார்களாம். அவளுக்கு ஆக்ஸிஜன் நிலையமாம்.

"எங்க தலைமை அதிகாரி ஸ்டேஷனுக்குக் காத்தை நிறுத்தணுங்க. எங்க அமுக்கணும்?"

"முதல்ல மனக்குறையைச் சொல்லும்மா. அதுதான் முறை," என்றார் அத்தான்.

ராக்கெட் தொலைபேசியைப் பிடுங்கினான். "சொன்னா உஷாராயிடுவாருக்கா. ஐஸ் ஸ்டேஷன்காரங்களைக் கையில போட்டுக்கிட்டு அப்புறம் நிறுத்து."

"டேய், விதி எழுதினது நானா நீயா?"

"நிரல் எழுதினது நான் அத்தான்!"

"ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டுக் கூப்பிடுங்க," என்று அக்கா வைத்துவிட்டாள்.

அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தபோது மணி நாலு. திருப்பிக் கூப்பிட்டார்கள். பட்டனை அவளே கண்டுபிடித்துவிட்டாளாம். காற்று நின்ற வருத்தத்தில் தலைமை அதிகாரி திங்கட்கிழமை விடுப்பாம்.