ஓசூர் ரோட்டைச் சுருக்கியவள்

சாத்தூரிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு ரோடும், அதற்கென்று எழுதப்பட்ட கம்ப்யூட்டர் புரோகிராம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம்தான் இருக்கும். ஓசூர் ரோட்டை எழுதிய புண்ணியவான் வரிக்கு வரி விளக்கம் எழுதும் பழக்கமுள்ளவர். போதாததற்கு வெயிலைப் பற்றித் தன் சொந்தக் கருத்தையும் அங்கங்கே செருகியிருந்தார். சேலத்துக்குத் தெற்கே வருகிற பொட்டல் முழுக்க அவருடைய கருத்துதான்.

அந்தக் கருத்து காளீஸ்வரியின் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டது. அவள் கணவன் செல்வகணபதிக்கு ஓசூரில் பம்பு கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து விழுவான், தூங்குவான், கிளம்பிவிடுவான். கல்யாணமாகி ஒரு வருஷமாகியும் அவன் விழித்திருக்கும் முகம் அவளுக்கு இன்னும் சரியாகப் பழகவில்லை.

ஆகவே சித்திரை மாதப் போட்டியில் பேர் கொடுத்தாள். யாருடைய புரோகிராம் மிகச் சிறியதோ, அவருடைய ரோடு அந்த வருஷம் முழுக்க அந்த நீளத்தில் இருக்கும். மற்ற ரோடுகள் பழையபடி நீண்டுகொள்ளும். நிபந்தனை ஒன்றுதான்: கிளம்பிய ஆள் வந்து சேர வேண்டும்.

வருஷா வருஷம் ஜெயிப்பவர் ஞானதுரை அண்ணாச்சி. அவருடையது குற்றாலம் ரோடு. தினமும் அருவியில் குளித்துவிட்டு வேலைக்குப் போகிற மனிதர். போட்டிக்கும் ஈரத் தலையோடுதான் வந்தார்.

"என்ன தங்கச்சி, ஓசூரா? அவ்வளவு தூரத்த மடிக்க முடியுமா?"

"நீங்க எவ்வளவுல நிக்கிறீங்க அண்ணாச்சி?"

"ஒரே எழுத்து" என்று சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டினார்.

காளீஸ்வரி உட்கார்ந்து அழிக்கத் தொடங்கினாள். விளக்கங்களை எடுத்ததும் சேலத்துப் பொட்டல் காணாமல் போனது. அங்கே மேய்ந்த ஆடுகள் ஓரமாக ஒதுங்கி நின்றன. மதுரை என்று முழுசாக எழுதுவானேன் என்று ஓர் எழுத்தாக்கினாள். மதுரைக்காரர்கள் அன்று மத்தியானம் கொஞ்சம் நெருக்கியடித்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கடைசியில் ஒற்றை எழுத்தில் ஒரு வரி மிஞ்சியது. நடுவர் பிரேமாவதி மேடம் அதை ஓடவிட்டார்.

ஓசூர் பஸ் உடனே வந்தது. நிற்காமல் போனது.

சுருக்கும் வேகத்தில் 'நிறுத்து' என்ற கட்டளையையும் சேர்த்து அழித்திருந்தாள். ஒரு வரி ரோடு என்பதால் பஸ் போன சுருக்கில் திரும்பி வந்தது. ஜன்னலில் செல்வகணபதி.

"காளி" என்றான். பஸ் போய்விட்டது. அடுத்த சுற்றில், "நிறுத்தச்" என்றான். அதற்கடுத்த சுற்றில், "சொல்லு" என்றான்.

காளீஸ்வரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒரே நாளில் இத்தனை தடவை அவனைப் பார்த்ததே இல்லை. எல்லாத் தடவையும் விழித்திருந்தான், பல்வரிசை கூட நன்றாக இருந்தது. அவனைப் பார்க்கப் பார்க்க, இனி விடக்கூடாது என்று ஆசை பொங்கியது.

"ஆள் இறங்கலியேம்மா" என்றார் மேடம். "நிறுத்துறதச் சேர்த்து எழுதிக் குடு. இல்லன்னா பொட்டல் பழையபடி வந்துரும்."

சேர்த்தால் வரி நீளும். அண்ணாச்சியின் ஒற்றை எழுத்து ஜெயித்துவிடும். காளீஸ்வரி யோசித்தாள். நிறுத்து என்று சொல்ல வேண்டியிருப்பது பஸ் ஓடுவதால்தான். பஸ் ஓடுவது ரோடு இருப்பதால்தான். இருந்த வரியையும் முழுசாக அழித்து வெறும் தாளை நீட்டினாள்.

ஞானதுரை அதை எட்டிப் பார்த்தார். சும்மா இருப்பாரா? தன் ஒற்றை எழுத்தையும் அழித்துவிட்டு அவரும் வெறும் தாளை நீட்டினார்.

மேடம் இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே புரோகிராம்தான். ஒரே புரோகிராம்னா ஒரே ரோடுதான்" என்று சொல்லி, இரண்டையும் சேர்த்தே ஓடவிட்டார்.

காளீஸ்வரி வீட்டுக்கு ஓடினாள். அடுப்படியில் செல்வகணபதி நின்றிருந்தான். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, அதனால் களைப்பும் இல்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"ஏங்க, தூக்கம் வருதா?"

"எதுக்கு?" என்றான் அவன்.

ஓட இடமில்லாத பஸ் வாசலில் நின்றது. டிரைவர் படியில் உட்கார்ந்து காப்பி கேட்டார். கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லின்மேல் குற்றால அருவி விழுந்துகொண்டிருந்தது. அதன் அடியில் ஞானதுரை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"தங்கச்சி, நல்லெண்ணெய் இருக்கா?"

காளீஸ்வரி எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, உலையில் இன்னும் கொஞ்சம் அரிசி போட்டாள். சாரல் படாமல் அடுப்பைச் சற்று நகர்த்தினாள். ஷிப்டு சங்கு ஊதியது. செல்வகணபதி சட்டையை மாட்டிக்கொண்டு, அடுப்புக்கும் அருவிக்கும் நடுவில் இருந்த ஓசூருக்குள் நுழைந்தான்.

"சோறு வெந்ததும் கூப்பிடு" என்றான் அங்கிருந்து.