டெக்னிக்கல் மாப்பிள்ளையின் இமேஜ்

மாமியார் வீட்டில் அவருக்கு ‘டெக்னிக்கல் மாப்பிள்ளை’ என்று பெயர். கல்யாணமான புதிதில், படம் வராமல் அடம்பிடித்த டிவியை அணைத்து மறுபடி போட்டார், படம் வந்துவிட்டது. பட்டமும் அன்றைக்கே வந்துவிட்டது. அப்புறம் அந்த வீட்டில் எது மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் வந்து, அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, “ம்ம்... சாஃப்ட்வேர்” என்பார். ஒருமுறை இஸ்திரிப் பெட்டிக்கும் அதையே சொன்னார்.

இந்தப் பட்டம் மட்டும் இல்லையென்றால் அங்கே அவரை யார் சீந்துவார்கள்? காரணம், சகலை. மூத்த மகளைக் கட்டிய பெரிய மாப்பிள்ளை. ஏதோ சங்கத்துக்குத் தலைவர் வேறு. தான் ரிப்பன் வெட்டிய படம், மைக் பிடித்த படம், கைகுலுக்கிய படம் என்று வரும்போதெல்லாம் கொண்டுவந்து டிவியில் ஓட்டுவார். ஒவ்வொரு கைகுலுக்கலுக்கும் தனி வியாக்கியானம் உண்டு. குடும்பமே வாயைப் பொத்திக்கொண்டு கொட்டாவி விடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மாப்பிள்ளைகளும் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். பேச்சு மாமியாரின் பழைய லேப்டாப்பில் வந்து நின்றது. அதில் அவர் செஸ் ஆடுவார். ஒரு காயை நகர்த்திவிட்டு, மாடிக்குப் போய்த் துணியை உலர்த்திவிட்டு வந்தாலும் எதிராளி யோசித்துக்கொண்டே இருப்பான். உண்மையில் யோசித்தது எதிராளி இல்லை, லேப்டாப்.

“தூக்கிப் போடுங்க அத்தை. எங்க சங்கத்துல ஒண்ணு சும்மா கிடக்கு, கொண்டாந்து தர்றேன்” என்றார் சகலை.

சின்ன மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். லேப்டாப்பும் சகலை கையால் வந்துவிட்டால் தன் பட்டத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

“எதுக்கு அத்தை? புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டா பறக்கும். இன்டர்நெட்ல ஓசியிலேயே கிடைக்குது. இன்னைக்கே முடிச்சிடலாம்.”

வாய் சொல்லிவிட்டது. கைக்கு அந்த வேலையில் பழக்கமே கிடையாது. எங்கே போனாலும் தோளில் சுமக்கும் தன் லேப்டாப்பைத் திறந்து, தேடி, ஒன்றைத் தரவிறக்கம் போட்டார். எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அது இறங்கிவிட்டது.

“என்னங்க இது?” என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

“டிஸ்க் இமேஜ். சிஸ்டம் மொத்தமும் இந்த ஒரே ஃபைல்ல இருக்கு.”

“இமேஜா? யாரோட இமேஜ்?”

“உன் வீட்டுக்காரரோடதா இருக்கும்மா” என்றார் பெரிய மாப்பிள்ளை, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். “கீழ விழுந்துடாம பிடிச்சுக்கச் சொல்லு.”

பென் டிரைவ் ஒன்று வேண்டும் என்றார் சின்னவர். மாமியார் உள்ளே போய்க் கறுப்பாக ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். சின்னவர் இறங்கிய கோப்பை இழுத்து அதற்குள் போட்டார், பையில் காய்கறியைப் போடுவது போல. பிறகு அதைப் பழைய லேப்டாப்பில் செருகி, பொத்தானை அழுத்தி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

திரை கறுத்தது. ‘பூட் செய்ய எதுவும் கிடைக்கவில்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது.

“என்ன சொல்லுது மாப்பிள்ளை?”

“யோசிக்கிறேன்னு சொல்லுது அத்தை.”

“முன்னாடியும் யோசிச்சிட்டுத்தானே இருந்துச்சு? அதுக்கு எதுக்கு சகலை புதுசு?” என்றார் பெரிய மாப்பிள்ளை.

எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள், அதுதான் சுருக்கென்று தைத்தது. சின்னவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டார். போனை எடுத்துத் தேடினார். ‘கோப்பை அப்படியே நகல் எடுத்துப் போடாதீர்கள். அதற்கென்று உள்ள செயலியால் டிரைவில் எழுதுங்கள்’ என்று ஒரு பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள் என்றால் தன்னைப் போல ஊருக்கு நாலு பேராவது இருக்க வேண்டும். மனசுக்கு ஆறுதலாக இருந்தது. மரியாதைக்குத் தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே வந்தார்.

“சர்வர்ல பிரச்சினை. சரி பண்ணிட்டேன்.”

“பாத்ரூம்லயா?” என்றாள் மனைவி.

அதற்குள் சகலைக்குப் போன் வந்து பால்கனிக்குப் போயிருந்தார். சின்னவர் பென் டிரைவைத் தன் லேப்டாப்பில் செருகிச் செயலியை ஓட்டினார். ‘இதில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும்’ என்று அது எச்சரித்தது.

“அத்தை, இதுல நிறைய படம் இருக்கு போல. எல்லாம் போயிடுமே.”

மாமியார் பால்கனியை ஒரு பார்வை பார்த்தார். “எல்லாம் பார்த்த படம்தான் மாப்பிள்ளை. தாராளமா எழுதுங்க.”

எழுதினார். பழைய லேப்டாப்பில் செருகினார். இந்தத் தடவை திரையில் வண்ணம் வந்தது. அது கேட்ட கேள்விக்கெல்லாம் ‘அடுத்து’ என்பதை மட்டுமே அழுத்தினார். முகத்தை மட்டும் இதய ஆபரேஷன் செய்கிறவர் போல வைத்துக்கொண்டார். பால்கனியில் சங்கப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அது முடிவதற்குள் எந்தச் சிஸ்டத்தையும் ஏற்றிவிடலாம்.

சகலை உள்ளே வந்தபோது மாமியார் செஸ் ஆடிக்கொண்டிருந்தார். காயை நகர்த்திய கையை எடுப்பதற்குள் எதிராளி பதில் காயை நகர்த்தினான். மனைவி சின்னவருக்குத் தானாகவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“சரி, எல்லாரும் உட்காருங்க” என்றார் சகலை கையைத் தேய்த்துக்கொண்டு. “ஆண்டு விழா படம் பார்ப்போம். அத்தை, வந்ததும் உங்ககிட்ட ஒரு பென் டிரைவ் கொடுத்தேனே?”

சின்னவர் உட்காரப் போனவர் பாதியிலேயே நின்றார். எல்லோர் கண்ணும் பழைய லேப்டாப்பின் விலாவுக்குப் போனது. கறுப்பாக அங்கே நீட்டிக்கொண்டிருந்தது.

“அட, அதுவா இது?” என்றார் மாமியார். “கைக்குக் கிடைச்சதை எடுத்துக் கொடுத்துட்டேன்.”

“என் இமேஜ் பூரா அதுலதான் இருந்துச்சு அத்தை.”

“இப்பவும் இமேஜ்தான் இருக்குன்னாரு சின்ன மாப்பிள்ளை.”

மனைவி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். சகலை சீக்கிரமே தேறிவிட்டார்.

“பரவாயில்ல. வீட்டுல இன்னொரு காப்பி இருக்கு. அடுத்த வாரம் கொண்டாறேன்.”

“தாராளமா கொண்டாங்க” என்றார் மாமியார். அவர் விரல் ராணியை ஓரமாக நகர்த்தியது. “சின்ன மாப்பிள்ளை, அடுத்த வாரம் நீங்களும் வந்துடுங்க. வர்றப்ப நம்ம டிவியைக் கொஞ்சம் பார்க்கணும். அதுவும் சரியில்லாத மாதிரி இருக்கு.”

நேற்றுவரை நன்றாக ஓடிய டிவி அது. டெக்னிக்கல் மாப்பிள்ளை எழுந்து போய் அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.

“ம்ம்... சாஃப்ட்வேர்” என்றார்.